கட்சிக்காரரும் கிளையன்ட்டும்

எங்கள் வீட்டில் உலை கொதித்தது கட்சிக்காரர்களால். அப்பா கும்பகோணத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தா. இன்றைய பிள்ளைகளுக்குக் கட்சிக்காரர் என்றதும் கரைவேட்டிதான் நினைவுக்கு வரும். கோர்ட்டு வட்டாரத்தில் அதற்கு வேறு கணக்கு. வழக்கு என்றால் இரண்டு கட்சி. நமக்கு வக்காலத்து கொடுத்தவர் நம்ம கட்சிக்காரர். வக்கீலய்யா வாசலில் நின்று பேசும்போது அப்படித்தான் சொல்வார். அறைக்குள் போய் ஜூனியரிடம் திரும்பியதும் அதே மனிதர் 'கிளையன்ட்' ஆகிவிடுவார். நான் காதால் கற்ற முதல் ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

வக்கீல் வீட்டு முன்கட்டு விடிவதற்கு முன்பே நிரம்பிவிடும். வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார்கள். பாகப்பிரிவினை, குத்தகை, வரப்புத் தகராறு, காலாவதி ஆகப்போகும் புரோநோட்டு. பள்ளி விடுமுறை நாட்களில் அப்பா என்னையும் கூட்டிப்போவார். கேஸ் கட்டுகளைத் தூசி தட்டி, தேதிவாரியாக அடுக்கி, வெள்ளை நூலால் கட்டிவைப்பது என் வேலை.

அங்கே யார் எங்கே உட்காருவது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரைஸ்மில் முதலாளி வந்தால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்போதே உள் அறைக் கதவு திறக்கும். வாத்தியார்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். குத்தகைக்காரர்கள் திண்ணை ஓரத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். உட்காரச் சொன்னாலும் தூணில் சாய்ந்துகொள்வார்களே தவிர உட்கார மாட்டார்கள். வாழைத்தார், அகத்திக்கீரை, புதுநெல் என்று கையில் ஏதாவது இருக்கும். அது பீஸில் சேராது. பீஸ் தனி.

வக்கீலய்யா வெளியே வருவதற்கு முன்னால் அப்பா உள்ளே போய்க் காதோடு காதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். ஐயா வந்து நின்றதும், "என்ன, பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று திண்ணை ஓரத்து மனிதரைக் கேட்பார். அந்த முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய வக்கீல் நம் வீட்டு விசேஷத்தை ஞாபகம் வைத்திருக்கிறாரே! ஞாபகம் வைத்திருந்தவர் பின்னால் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் அப்பா.

நான் சட்டம் படிக்கவில்லை. சென்னைக்கு வந்து கம்ப்யூட்டர் படித்தேன். கிளையன்ட் அங்கேயும் வந்து நின்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எந்தப் பயிற்சி நிலையத்தின் போர்டைப் பார்த்தாலும் 'கிளையன்ட்–சர்வர்' என்று எழுதியிருக்கும். எங்கள் மாஸ்டர் சாக்பீஸை எடுத்து இரண்டு கட்டம் போட்டார். "ஓட்டல்ல நீ உட்கார்ந்து ரெண்டு இட்லின்னு கேக்கறே. நீ கிளையன்ட். சமையக்கட்டுக்குப் போய் எடுத்துட்டு வர்றான் பாரு, அவன் சர்வர். முடிஞ்சுபோச்சு" என்றார். 'சர்வர் சுந்தரம்' படம் பார்த்து வளர்ந்த ஊரில் அந்தப் பாடத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். நான் பார்த்த கிளையன்ட் கேட்டு வாங்கும் ஆள் இல்லையே. தூணில் சாய்ந்து நிற்கும் ஆளாயிற்றே.

அந்த ஜோடிச் சொற்களை 1970களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேட்கும் நிரல் கிளையன்ட், கொடுக்கும் நிரல் சர்வர். 1984இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ என்ற திரை மென்பொருள் இதையும் குழப்பிவிட்டது. அதில் நம் மேஜைமேல் இருக்கும் திரைக்குப் பெயர் சர்வர். எங்கேயோ ஒரு பெரிய மெஷினில் ஓடும் நிரல்தான் கிளையன்ட். திரையில் வரைந்து காட்டும் வேலையைத் திரைப்பக்கம் செய்கிறது, அதனால் அது சர்வர் என்று மாஸ்டர் சொன்னார். பாதி வகுப்பு அந்த இடத்தில் கழன்றுகொண்டது. யார் யாருக்குச் சேவகம் செய்கிறார்கள் என்பது இந்தச் சொல் போகிற இடமெல்லாம் குழப்பம்தான்.

பிறகு ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் சொல்லிவிட்டார்: "கஸ்டமர்னு யாரும் சொல்லாதீங்க. கஸ்டமர் பல்பொடிக் கடைக்கு வர்றவன். நமக்கு இருக்கறது கிளையன்ட்." சொல்லும்போதே குரலில் ஒரு பணிவு வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் கிளையன்ட் அமெரிக்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனம். குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை என்றால் நியூயார்க்கில் காலை பத்து. எங்கள் வேலைநாள் அந்த நேரத்தில்தான் சூடுபிடிக்கும். நீள மேஜைமேல் மூன்று கால் போன் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி நாங்கள். மியூட் பட்டனை அழுத்திக்கொண்டு தமிழில் தலையில் அடித்துக்கொள்வோம். பட்டனை எடுத்ததும் நன்றி சொல்வோம். முடியாது என்கிற சொல் அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கிளையன்ட் கேட்டால் செய்துதான் ஆகவேண்டும்.

அவர்கள் நேரில் வந்தால் ஊர்த்திருவிழாதான். வாசலில் கோலம், சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. பெண்கள் பட்டுப்புடவையில் வரவேண்டும் என்று மெயில் வரும். ஆண்களுக்கு டை. சென்னை மே மாதத்தில் டை! மதியம் அவர்களுக்கு மாடியில் நட்சத்திர ஓட்டல் பஃபே. கீழே எங்களுக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலத்தில் வரும். மாடியிலிருந்து இறங்கும் வாசனையோடு சேர்த்துச் சாப்பிடுவோம்.

கஸ்டமருக்கும் கிளையன்ட்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். கஸ்டமர் கதை சுலபம். 'கஸ்டம்' என்றால் வழக்கம். ஒரே கடைக்கு வழக்கமாக வருகிறவர் கஸ்டமர். நம் வாடிக்கையாளரும் வாடிக்கையிலிருந்து வந்தவர்தான். ஆனால் பழைய இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு இன்னொரு ஆள் இருந்தார். துறைமுகத்தில் சுங்கம் வசூலிக்கும் அதிகாரிக்கும் கஸ்டமர் என்றுதான் பெயர். எலிசபெத் ராணி காலத்தில் லண்டன் சுங்கத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஸ்மைத்தை ஊரே 'கஸ்டமர் ஸ்மைத்' என்றது. அவர் மகன் சர் தாமஸ் ஸ்மைத்தான் 1600இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர். அந்தக் கம்பெனிதான் 1639இல் சோழமண்டலக் கரையில் இடம் வாங்கி நம் மதராஸுக்கு அஸ்திவாரம் போட்டது. மேலாளர் பல்பொடிக் கடையில் நிறுத்திய ஆள் அப்படியொன்றும் சாமானியர் இல்லை.

கிளையன்ட் கதைதான் என்னை உட்காரவைத்தது. ஆங்கிலத்துக்கு அது பதினான்காம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது. மூலம் லத்தீனில் 'கிளியென்ஸ்'. பெரிய மனிதர் ஒருவரின் நிழலில் வாழ்பவர் என்று பொருள். சொல்லின் வேரைப் பற்றிப் பண்டிதர்களிடம் இரண்டு கட்சி. சாய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். சொன்னதைக் கேட்டு நடப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து என்பார் மற்றவர். எனக்கு எந்தக் கட்சி ஜெயித்தாலும் சம்மதம். தூணில் சாய்ந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன், போன் முன்னால் கேட்டு நடந்தவர்களோடும் இருந்திருக்கிறேன்.

ரோமாபுரியில் கிளியென்ஸுக்கு மேலே இருந்தவர் 'பத்ரோனஸ்'. தகப்பனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். கிளியென்ஸ் விடியும் முன் எழுந்து, கனமான டோகா அங்கியைச் சுற்றிக்கொண்டு, தெருச் சேற்றில் நடந்து பத்ரோனஸ் வீட்டு முன்கட்டில் போய்க் காத்திருக்க வேண்டும். காலை வணக்கம் சொல்ல வேண்டும். ஐயா வெளியே கிளம்பினால் பின்னாலேயே போக வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டு. அதற்குப் பதிலாகக் கடனோ, வழக்கோ, வம்போ வந்தால் ஐயா பார்த்துக்கொள்வார். போகும்போது சின்னக் கூடையில் சாப்பாடு. கூடைக்குப் பெயர் 'ஸ்போர்த்துலா'. பிற்பாடு கூடை போய், நூறு சின்னச் செப்புக்காசாகக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த கவிஞர் மார்ஷியல் இந்த நூறு காசைப் பற்றியும், அதற்காகக் கெட்டுப்போன காலைத் தூக்கத்தைப் பற்றியும் நிறையவே புலம்பி எழுதியிருக்கிறார். இந்தக் காலைக் கடமைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஒஃபிசியம்'. நம் ஆபீஸ் அங்கேதான் பிறந்தது.

படிக்கப் படிக்கக் கும்பகோணத்து முன்கட்டு ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. வந்தவர்களைத் தரம் பிரிப்பதை யார் தொடங்கியது என்று ரோமத் தத்துவாசிரியர் செனகா குறித்துவைத்திருக்கிறார். அரசியல்வாதி கையஸ் கிராக்கஸும் அவருக்குப் பிறகு லிவியஸ் துரூசஸும்தான் முதலில் அப்படிச் செய்தார்களாம். சிலரைத் தனியாக, சிலரை நாலைந்து பேராக, மிச்சமிருப்போரைக் கூட்டமாகப் பார்ப்பது. உள் அறை, பெஞ்சு, திண்ணை ஓரம். இன்னொரு பக்கத்தில் என் அப்பாவையே பார்த்தேன். வந்திருப்பவர் பெயரை எஜமானரின் காதில் சொல்வதற்கென்றே ஓர் அடிமை இருப்பான். அவனுக்கு 'நோமென்கிளேட்டர்' என்று பெயர். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேர் சொல்றதுக்கு மட்டும் ஒரு ஆளா? அவனுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார்.

எலுமிச்சை சாதத்துக்கும் அங்கே முன்னோடி இருந்தது. ஒரே பந்தியில் பத்ரோனஸுக்கு வெள்ளை ரொட்டி, உசத்தி மது. கிளியென்ஸுக்குப் பூசணம் பிடித்த ரொட்டி, புளித்த மது. ரோமக் கவிஞர் ஜுவெனால் தம் ஐந்தாவது அங்கதக் கவிதை முழுவதையும் இந்த அவமானத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். ரோம எழுத்தாளர் இளைய பிளினி ஒரு கடிதத்தில் இப்படி ஒரு விருந்துக்குப் போய்வந்த கதையை எழுதுகிறார். மூன்று தரத்தில் மது வைத்திருந்தார்களாம். தம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மதுதான் என்கிறார். செலவாகுமே என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: நான் விடுதலை கொடுத்த அடிமைகள் என் மதுவைக் குடிப்பதில்லை, அவர்கள் மதுவை நான் குடிக்கிறேன். எங்கள் கம்பெனி கேண்டீன் கமிட்டியில் யாரும் பிளினி படித்திருக்கவில்லை.

ஆனால் எங்கள் கம்பெனியில் யார் கிளியென்ஸ்? யோசித்தால் தலைகீழாக இருந்தது. நேரத்தை மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள். அங்கி மாட்டியவர்கள் நாங்கள். வணக்கம் வைத்து, பின்னாலேயே போய், கூடையில் விழுவதை வாங்கிக்கொண்டவர்களும் நாங்கள். பட்டம் மட்டும் அவர்களுக்கு. ஆங்கிலம் இந்தக் கூத்தை இன்னொரு முறையும் ஆடியிருக்கிறது. பழைய ஓட்டல்களிலும் தியேட்டர்களிலும் 'பேட்ரன்ஸ்' கவனத்துக்கு என்று ஆங்கில போர்டு தொங்கும். அந்த பேட்ரனும் பத்ரோனஸின் பேரன்தான். ஆண்டவனும் அண்டியவனுமாக ரோமில் எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் ஆங்கிலத்தில் காசு கொடுப்பவரின் பெயராகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். காசு கொடுப்பவரை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அவருக்குக் குளிர்ந்துவிடும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும்.

சரி, வக்கீல் வீட்டுக்கு அந்தச் சொல் எப்படி வந்தது? ரோமில் பத்ரோனஸ் செய்த உதவிகளில் பெரியது கோர்ட்டில் பேசுவது. ஹாலிகர்னாஸஸ் ஊரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் டயோனிசியஸ், இந்த ஏற்பாட்டையே ரோமின் முதல் அரசர் ரோமுலஸ் தலையில் ஏற்றிச் சொல்கிறார். கிளியென்ஸுக்குச் சட்டத்தை விளக்கிச் சொல்வது பத்ரோனஸின் கடமை. அவனுக்காக வழக்காடுவதும் அவர் பொறுப்பு. பத்ரோனஸ் நொடித்துப்போனால் அவர் பெண் கல்யாணத்துக்கு கிளியென்ஸ் கைகொடுக்க வேண்டும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடக்கூடாது, ஒருவருக்கு எதிராக ஒருவர் சாட்சி சொல்லக்கூடாது. கி.மு. 450 வாக்கில் செதுக்கிய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், தன் கிளியென்ஸை வஞ்சித்த பத்ரோனஸ் தெய்வ சாபத்துக்கு உரியவன் என்று ஒரு விதி இருந்தது. அபராதம், சிறை என்று பேச்சே இல்லை. நேராகச் சாபம்தான். கி.மு. 204இல் வந்த சின்சியஸ் சட்டம், வழக்காடியதற்காகக் காசோ பரிசோ வாங்கக்கூடாது என்றது. எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு விஷயம். கி.பி. 47இல் கிளாடியஸ் சக்கரவர்த்தி நடப்பை ஏற்றுக்கொண்டு, பத்தாயிரம் செஸ்டர்ஸ் நாணயத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார். பீஸ் தகராறுக்கு வயது அவ்வளவு. ஆங்கிலத்தில் 1400ஐ ஒட்டி வக்கீலின் கட்சிக்காரருக்குக் கிளையன்ட் என்ற பெயர் நிலைத்தது. கடைக்கு வருகிறவரையும் கிளையன்ட் என்று சொல்லத் தொடங்க இன்னும் இருநூறு வருடம் ஆயிற்று.

சாட்சி சொல்லக்கூடாது என்ற அந்த விதி என்னை அப்பாவிடம் கொண்டுபோய்விட்டது. அவர் வீட்டில் வழக்குப் பேசிக் கேட்டதில்லை. ஒருமுறை எதிர்வீட்டு மாமா திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு சொத்து வழக்கைப் பற்றித் தூண்டில் போட்டார். பெரியவர் ரெண்டாம் தாரத்துக்கு உயில் எழுதிவைத்திருக்கிறாராமே, உங்க ஆபீஸ்லதான் இருக்காமே? அப்பா வெற்றிலையில் நரம்பு கிள்ளிக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பு தடவினார். மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பேச முடியாது என்பது உலகம் அறிந்த நியாயம். மாமா கிளம்பிப் போனதும் எழுந்து போய்த் துப்பிவிட்டு, "கொஞ்சம் மோர் குடும்மா" என்று அம்மாவைக் கேட்டார்.

அவர் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். அது சட்டமும்தான் என்று பிறகு தெரிந்தது. 1872ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக்கூடாது என்றது. குற்றம் செய்வதற்கு யோசனை கேட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்த பிரிவு 127. மொழிபெயர்ப்பாளருக்கும், வக்கீலின் குமாஸ்தாவுக்கும், வேலையாளுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு என்று அது சொன்னது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் என் அப்பாவுக்கென்று ஒரு வரி! 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பாதுகாப்பு மாறவில்லை. அப்பாவுக்கு அந்தப் பிரிவின் எண் தெரிந்திருக்குமா என்று கேட்டால், நிச்சயம் தெரிந்திருக்கும். குமாஸ்தாக்களுக்குத் தெரியாத பிரிவு உண்டா?

என் மனைவிக்கும் ஒரு கிளையன்ட் உண்டு. அவள் குடும்பநல ஆலோசகர். கல்யாணமான புதிதில் அவள் "இன்னிக்கு என் கிளையன்ட் வரலை" என்று சொன்னபோது, நம் தொழிலாக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் சிரித்துவிட்டுக் கார்ல் ரோஜர்ஸ் கதையைச் சொன்னாள். மனம் கலங்கி வருகிறவரை 'பேஷன்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்க உளவியலாளர் ரோஜர்ஸ் 1942இல் எழுதிய நூலில் அவரைக் கிளையன்ட் என்றார். 1951இல் இன்னொரு நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தார். பேஷன்ட் என்றால் லத்தீன் வழியில் துன்பத்தைத் தாங்குகிறவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுப் படுத்துக்கிடப்பவர். கிளையன்ட் அப்படி இல்லை, தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பு என்று தெரிந்து உதவி கேட்டு வருகிறவர் என்பது ரோஜர்ஸ் கட்சி. அண்டிக்கிடந்தவனைக் குறித்த சொல்லை எடுத்து, சொந்தக் காலில் நிற்பவருக்குச் சூட்டிவிட்டார் மனிதர்.

"உன் கிளையன்ட் நிஜமாவே சொந்தக் கால்ல நிக்கறாளா?" என்று கேட்டேன்.

"முதல் நாள் யார் நிப்பா? வந்து உட்கார்ந்து அழுவா. அவ நம்பி சொல்றதை நான் வெளியே சொல்லாம இருந்தா, நாலாவது அஞ்சாவது தடவை நிமிர்ந்து உட்காருவா."

அவளுடைய பதிவேட்டில் பெயர்கள் இருக்காது, எண்கள்தான். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். நான் அதைத் தொட்டதில்லை. எங்கள் கம்பெனியின் கிளையன்ட் விவரங்களைப் பாதுகாக்கக் கண்ணாடிக் கதவு, அடையாள அட்டை, பை சோதனை எல்லாம் இருந்தது. அதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தார்கள். அவள் சாவிக்கு அப்படி எந்தத் தொகையும் இல்லை.

அப்பா போன பிறகு கும்பகோணத்து வீட்டில் பங்காளித் தகராறு வந்தது. நானே கட்சிக்காரன் ஆனேன். பழைய வக்கீலய்யா காலமாகி, அவர் வாரிசுகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். புதிதாக ஓர் இளம் வக்கீலைப் பிடித்தேன். ஏசி அறை, சுழல் நாற்காலி. நல்ல காலம், உட்காரத் தரவாரி இல்லை. வந்தவர் எல்லோருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி. வக்காலத்து படிவத்தை நீட்டினார். வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தயாராக இருந்தது. சின்ன வயதில் அப்பாவிடம் இந்தப் படிவங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருந்தாலும் படித்ததில்லை. இப்போது படித்தேன். எனக்காக ஆஜராகலாம், மனுப் போடலாம், பணம் கட்டலாம், வாங்கலாம், சமாதானம் பேசலாம், இன்னும் வழக்குக்குத் தேவையான எதையும் செய்யலாம். அவர் செய்வது எல்லாவற்றையும் நானே செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்.

"யாருமே படிக்க மாட்டாங்க சார்" என்றார் வக்கீல்.

"எங்கப்பா குமாஸ்தாவா இருந்தவர் தம்பி" என்றேன்.

"அப்போ நான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சிரித்தார்.

வாய்தாவுக்குக் காத்திருந்த ஒரு நாளில் அவரிடமே கேட்டேன். நீங்கள் வழக்கைக் கோட்டை விட்டால் நான் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது என்றார். 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம் போகலாம் என்று சொன்னதாம். 2024 மே 14இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. டாக்டர்களை 1995லேயே அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அதே நீதிமன்றம், வக்கீல்கள் வரமாட்டார்கள் என்றது. அதற்குச் சொன்ன காரணம்தான் விசேஷம். வக்கீல் கட்சிக்காரரின் முகவர். அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் கட்சிக்காரருக்கு நேரடிக் கட்டுப்பாடு உண்டு. கட்சிக்காரரின் தெளிவான உத்தரவு இல்லாமல் விட்டுக்கொடுக்கவோ உறுதிமொழி தரவோ வக்கீலுக்கு உரிமை இல்லை. ஆகவே இது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. கவனக்குறைவு என்றால் சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலுக்குப் போகலாம்.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு அந்தத் திண்ணைக் குத்தகைக்காரர்களை நினைத்துக்கொண்டேன். வக்கீல் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தார் என்று சொன்னால் அவர்களே நம்ப மாட்டார்கள். பட்டாவையும் பத்திரத்தையும் கொடுத்துவிட்டு, வாய்தா என்றால் வந்து நின்று, கையெழுத்து என்றால் கைநாட்டு வைத்துவிட்டுப் போனவர்கள். சட்டம் அவர்களை எஜமானர் என்கிறது. படிவம் அவர்களிடமிருந்து எல்லா அதிகாரத்தையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. இரண்டுமே நிஜம்தான். பல்பொடி சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மூலப் பத்திரத்தையும் குடும்ப ரகசியத்தையும் ஒருவரிடம் கொடுத்த பிறகு அடுத்த கடை என்று ஒன்று கிடையாது. அப்படிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவருக்குத்தான் கிளையன்ட் என்ற பெயர் பொருந்தும். எங்கள் அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரர்கள் அந்தப் பெயரைச் சும்மா இரவல் வாங்கியிருந்தார்கள். விலை படியவில்லை என்றதும் ஒரே மெயிலில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அசல் கஸ்டமர்கள்.

ரோமர்கள் சாபத்தை ஏன் சட்டத்தில் எழுதினார்கள் என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது. மூடிய அறைக்குள் நம்பி வந்தவரை வஞ்சித்தால் அதற்குச் சாட்சி ஏது? ரசீது ஏது? அங்கே தெய்வத்தைத்தான் கூப்பிட முடியும். அல்லது வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு குமாஸ்தா அமைய வேண்டும்.

அன்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும், "வேற ஏதாவது கண்டிஷன் உண்டா சார்?" என்று வக்கீல் கேட்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு. வாய்தா தள்ளிப்போனா முந்தின நாளே போன்ல சொல்லிடுங்க. சென்னையிலேர்ந்து பஸ் ஏறி வந்து நிக்கவைக்காதீங்க" என்றேன். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இதுவரை போன் செய்யத் தவறியதில்லை.